பின்னத்துக்குள் அடங்காத முப்படி

1225 வாக்கில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடெரிக் பீசா நகருக்கு வந்தபோது, அவருடைய அவையைச் சேர்ந்த பலெர்மோ ஜான் என்ற அறிஞர் ஃபிபோனாச்சியின் முன் ஒரு கணக்கை வைத்தார். ஓர் எண்ணின் கனத்தோடு அதன் வர்க்கத்தின் இரு மடங்கையும் அந்த எண்ணின் பத்து மடங்கையும் கூட்டினால் 20 வருகிறது, எண் எது? ஃபிபோனாச்சி முதலில் அந்த எண் எவையெல்லாம் இல்லை என்று காட்டினார். அது முழு எண் இல்லை. பின்னமும் இல்லை. யூக்ளிடின் பத்தாவது நூல் வகைப்படுத்தும், வர்க்கமூலங்களால் கட்டப்பட்ட விகிதமுறா எண்களிலும் அது சேராது. அதன் பிறகு அறுபதின் கூறுகளில் ஒரு மதிப்பை எழுதினார்: 1, 22, 7, 42, 33, 4, 40. இன்றைய தசம எழுத்தில் ஏறத்தாழ 1.368808108. ஒன்பது தசம இடங்கள் வரை அதில் பிழையில்லை. அதை எப்படிக் கண்டார் என்பதை மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை.

அந்த விடையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். எண் எந்த வகையில் சேராது என்பதற்கு நிரூபணம் இருக்கிறது. எண் எங்கே இருக்கிறது என்பதற்குத் துல்லியமான முகவரியும் இருக்கிறது. அதற்குப் பிறகு இத்தகைய சமன்பாடுகளுக்குப் படிமூலச் சூத்திரம் வந்தது, கோசைன் வழி வந்தது, படிப்படியாக நெருங்கிச் செல்லும் கணிப்பு முறைகள் வந்தன. இவற்றில் சூத்திரத்துக்குத்தான் நாம் மேலிடம் தருகிறோம். கனமூலக் குறிகளுக்குள் விடையை எழுதிவிட்டால் கணக்கு தீர்ந்தது என்றும், தசம மதிப்பு மட்டும் கிடைத்தால் அது அரைகுறை என்றும் ஓர் எண்ணம் படித்தவர்களிடம் ஊறிப்போயிருக்கிறது. விகிதமுறு மூலமே இல்லாத முப்படிச் சமன்பாடுகளைப் பொறுத்தவரை இந்த வரிசை தவறு என்பது என் வாதம். சூத்திரத்தின் பெருமை உண்மையானது. ஆனால் அது விடை தரும் இடத்தில் இல்லை, வேறிடத்தில் இருக்கிறது.

பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் தெரியாத எண்ணை 'யா' என்று சுருக்கிக் குறித்தார். இங்கே நானும் அதை ய என்றே எழுதுகிறேன். அவர் எடுத்துக்கொண்ட முப்படி ஒன்று: ய³ + 12ய = 6ய² + 35. இதை (ய − 2)³ = 27 என்று மாற்றலாம்; உடனே ய = 5. அழகான உத்திதான். ஆனால் கனம் முழுமையாகக் கூடிவருமாறு கெழுக்கள் அமைந்திருந்தால்தான் இது நடக்கும். 35க்குப் பதில் 36 என்று இருந்தால் வலப்பக்கம் 28 ஆகிவிடும். விடையில் 28இன் கனமூலம் வந்து நிற்கும். 12க்குப் பதில் 13 என்று இருந்தால் உத்தியே பலிக்காது.

நம் பள்ளிக் கணிதம் இன்றும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் நிற்கிறது. மேல்நிலை இரண்டாம் ஆண்டில் 'சமன்பாட்டியல்' படித்தவர்களுக்கு விகிதமுறு மூலத் தேற்றம் நினைவிருக்கும். முழு எண் கெழுக்கள் கொண்ட சமன்பாட்டுக்குச் சுருக்கிய வடிவிலுள்ள ஒரு பின்னம் மூலமாக வேண்டுமானால், அதன் தொகுதி மாறிலியையும் பகுதி முதல் உறுப்பின் கெழுவையும் வகுக்க வேண்டும். நல்ல தேற்றம் இது. எல்லையற்ற தேடலை விரல்விட்டு எண்ணக்கூடிய சோதனைகளாகச் சுருக்கிவிடுகிறது. ஆனால் பயிற்சிக் கணக்குகள் பெரும்பாலும் அந்தச் சோதனையில் ஒரு மூலம் சிக்குமாறு பொறுக்கி எடுக்கப்பட்டவை. அல்லது மூலங்கள் கூட்டுத் தொடரில் இருக்கின்றன என்பது போன்ற ஒரு சலுகையோடு வருபவை. ஒரு மூலம் சிக்கிவிட்டால் மிச்சம் இருபடிச் சமன்பாடு. அது ஏற்கனவே தெரிந்த வேலை. ய³ − 2ய − 5 = 0 என்ற எளிய சமன்பாட்டைக் கொடுத்துப் பார்த்தால் நிலைமை புரியும். சோதிக்க வேண்டியவை 1, −1, 5, −5 என்ற நான்கே எண்கள். நான்கும் பொருந்தவில்லை. பெரும்பாலான மாணவர்கள் இங்கே பேனாவை மூடிவைப்பார்கள். கெழுக்களைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்தால் விகிதமுறு மூலம் அமைவதே அரிது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. விதிவிலக்கை மட்டும் காட்டி அதையே விதியென்று நம்பவைக்கும் இந்தப் பழக்கத்தை நான் ஏற்கவில்லை.

விகிதமுறு மூலம் இல்லை என்பது தோல்விச் செய்தியும் இல்லை. அதுவே கனமான ஒரு தகவல். விகிதமுறு கெழுக்கள் கொண்ட முப்படிக்கு அத்தகைய மூலம் ஒன்றுகூட இல்லையென்றால், அதன் எந்த மூலத்தையும் அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியாது. 20 பாகையின் கோசைனை இரட்டித்தால் வரும் எண் ய³ − 3ய − 1 = 0 என்பதை நிறைவு செய்கிறது. 1, −1 இரண்டையும் வைத்துப் பார்த்தால் போதும், இரண்டும் பொருந்தாது. ஆகவே 60 பாகைக் கோணத்தைக் கவராயத்தால் மூன்று சம கூறாக்க முடியாது. கிரேக்கர் காலம் தொட்டுத் தொங்கிக்கொண்டிருந்த கேள்வி பியர் வான்ட்ஸெல் 1837இல் எழுதிய கட்டுரையோடு முடிந்தது. மாணவர் பேனாவை மூடிவைக்கும் அதே இடத்தில் ஒரு பெரிய தேற்றம் தொடங்குகிறது என்பதைச் சொல்லித்தரக் கூடுதலாக ஒரு வகுப்பு போதும்.

இனி சூத்திரத்துக்கு வருவோம். கதை பலருக்குத் தெரிந்ததுதான். போலோன்யாவில் ஷிப்யோனே தெல் ஃபெர்ரோ கண்டு மறைத்து வைத்தார். அவருடைய மாணவர் ஃபியோரோடு நடந்த 1535 போட்டிக்காக நிக்கோலோ தார்த்தாலியா தானே கண்டார். 1539இல் மிலானில் ஜெரோலமோ கார்டானோவிடம் இரகசிய உறுதிமொழி பெற்றுக்கொண்டு சொன்னார். தெல் ஃபெர்ரோவின் குறிப்பேட்டை 1543இல் பார்த்த கார்டானோ, 1545இல் 'ஆர்ஸ் மாக்னா'வில் அச்சேற்றிவிட்டார். இந்தச் சண்டையைப் பற்றி ஏராளமாக எழுதியாயிற்று. எனக்கு அதைவிட அந்த உத்தியின் எளிமையே பெரிதாகப் படுகிறது.

வர்க்க உறுப்பை ஓர் எளிய இடமாற்றத்தால் நீக்கிவிடலாம். ஆகவே ய³ = 2ய + 5 போன்ற வடிவம் மட்டும் போதும். தேடும் எண்ணை ம + ந என்று இரண்டாகப் பிரிக்கிறோம். அதன் கனம் ம³ + ந³ + 3மந(ம + ந). இதை ய³ = 5 + 2ய என்பதோடு ஒப்பிட்டால், ம³ + ந³ = 5 என்றும் 3மந = 2 என்றும் இருந்தால் போதும். அதாவது ம³, ந³ என்ற இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 5, பெருக்குத்தொகை 8/27. கூட்டுத்தொகையும் பெருக்குத்தொகையும் தெரிந்தால் எண்களைக் காண்பது பத்தாம் வகுப்பு இருபடிக் கணக்கு. அவை 4.940021, 0.059979. கனமூலங்கள் 1.703111, 0.391441. கூட்டினால் 2.094552. முப்படியை இருபடியாக இறக்கிவிட்டார்கள். ஊகமில்லை, சோதனையில்லை. எந்தக் கெழுவானாலும் ஒரே வழி. 1494இல் லூக்கா பச்சோலியின் நூல் வெளிவந்தபோது இப்படி ஒரு பொது வழி யாரிடமும் இல்லை என்பதை நினைத்தால், இத்தாலியர்களின் சாதனை எவ்வளவு பெரியது என்று புரியும்.

ஆனால் இதை விடை தரும் கருவியாகப் பயன்படுத்தத் தொடங்கியதும் குறைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டுகின்றன.

கார்டானோ தாமே எடுத்துக்காட்டிய ய³ + 6ய = 20 என்பதையே பார்க்கலாம். சூத்திரம் தருவது: √108 + 10 என்பதன் கனமூலத்திலிருந்து √108 − 10 என்பதன் கனமூலத்தைக் கழிக்க வேண்டும். கழித்தால் வருவது 2. அடுக்கடுக்கான மூலக்குறிகளுக்குள் ஒரு சாதாரண 2 ஒளிந்திருக்கிறது! முதல் கனமூலம் 1 + √3, இரண்டாவது √3 − 1 என்று கண்டால்தான் அது வெளிப்படும். அப்படிக் காண்பதற்கும் விடை 2 என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும், அல்லது விகிதமுறு மூலத் தேற்றத்தைத் தனியாக ஓட்டியிருக்க வேண்டும். தன் விடை பின்னமா இல்லையா என்பதைக்கூடச் சூத்திரம் சொல்வதில்லை. ஒரு விடை நமக்குச் சொல்ல வேண்டிய முதல் செய்தியே அதுதான்.

அடுத்த குறை கணிப்பானைக் கையில் எடுத்ததும் தெரியும். ய³ + 3000ய = 2 என்ற சமன்பாட்டில் ய மிகச் சிறிய எண்; அதன் கனத்தை ஒதுக்கிவிட்டால் 2/3000, அதாவது 0.00066667 என்று பார்த்தவுடன் சொல்லலாம். சூத்திரமோ இரண்டு பெரிய கனமூலங்களைக் கழிக்கச் சொல்கிறது: 31.623110 − 31.622443. எட்டு இலக்கத் துல்லியத்தோடு தொடங்கியும் கழித்த பிறகு கையில் மிஞ்சுவது 0.000667 என்ற மூன்று இலக்கம். மற்றவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன. இதற்கு மாற்று உண்டு. ம³ + ந³ = (ம + ந)(ம² − மந + ந²) என்பதால் கழிப்பதற்குப் பதில் 2ஐ ம² − மந + ந² ஆல் வகுக்கலாம்; இழப்பு வராது. ஆனால் அந்த மாற்றம் வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே விடை எவ்வளவு சிறியது என்று முன்கூட்டி ஊகித்திருக்க வேண்டும். ஊகத்தை ஒழிக்க வந்த சூத்திரத்துக்கு ஊகம் துணை நிற்க வேண்டியிருக்கிறது.

இவை இரண்டும் சமாளிக்கக்கூடியவை. மூன்றாவது அப்படியில்லை. இந்தக் கட்டுரையின் நடுப்புள்ளி அதுதான்.

ய³ − 3ய + 1 = 0. சோதிக்க வேண்டிய 1, −1 இரண்டும் பொருந்தவில்லை. விகிதமுறு மூலம் இல்லை. ஆனால் மூன்று மெய் மூலங்கள் இருக்கின்றன: ஏறத்தாழ 1.532, 0.347, −1.879. எண்கோட்டில் விரல் வைத்துக் காட்டக்கூடிய மூன்று சாதாரண மெய்யெண்கள். சூத்திரத்தில் போட்டால் (−1 + √−3)/2 என்பதன் கனமூலத்தையும் அதன் இணையின் கனமூலத்தையும் கூட்டச் சொல்கிறது. விடை முழுக்க மெய். வழி முழுக்கக் கற்பனை எண். கார்டானோவுக்கு இந்த இடம் பிடிபடவில்லை.

ரஃபாயெல் பொம்பெல்லி 1572இல் வெளியிட்ட 'அல்ஜீப்ரா' நூலில் இதைத் துணிந்து எதிர்கொண்டார். ய³ = 15ய + 4 என்ற சமன்பாட்டில் சூத்திரம் 2 + √−121 என்பதன் கனமூலத்தைக் கேட்கிறது. அது 2 + √−1 என்று அவர் காட்டினார். இணையின் கனமூலம் 2 − √−1. கூட்டினால் கற்பனைப் பகுதி கரைந்து 4 வருகிறது. கலப்பெண்களின் வரலாறு இங்கிருந்து தொடங்குகிறது என்று எல்லா நூல்களும் கொண்டாடுகின்றன, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் பொம்பெல்லி எடுத்துக்கொண்ட சமன்பாட்டுக்கு 4 என்ற விகிதமுறு மூலம் இருந்தது என்பதை அந்தப் பாராட்டுகள் கவனிப்பதில்லை. அதே வழியை நம் சமன்பாட்டில் நடத்திப் பார்க்கலாம். கனமூலம் அ + இ√−1 என்று வைப்போம். ம, ந இரண்டின் பெருக்குத்தொகை 1 என்பதால் அ² + இ² = 1. கனத்தின் மெய்ப்பகுதி அ³ − 3அஇ² என்பது −1/2 ஆக வேண்டும். இ²க்குப் பதில் 1 − அ² என்று போட்டால் 4அ³ − 3அ = −1/2. இதில் 2அ என்பதை ய என்று எழுதினால் ய³ − 3ய + 1 = 0.

புறப்பட்ட சமன்பாடே திரும்பி வந்துவிட்டது. பொம்பெல்லியின் கணக்கிலும் இப்படித்தான் திரும்பி வரும். அங்கே 4 என்ற முழு எண் இருந்ததால் ஊகித்துத் தப்பித்தார். விகிதமுறு மூலம் இல்லாத இடத்தில் ஊகிக்க எதுவுமில்லை. கலப்பெண்ணின் கனமூலத்தைக் காண முப்படியைத் தீர்க்க வேண்டும். முப்படியைத் தீர்க்கக் கலப்பெண்ணின் கனமூலத்தைக் காண வேண்டும்.

வேறு யாராவது சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுவிடுவார்களா என்ற நம்பிக்கையையும் வான்ட்ஸெல் 1843இல் மூடிவிட்டார். விகிதமுறு கெழுக்கள் கொண்ட ஒரு முப்படிக்கு மூன்று மெய் மூலங்கள் இருந்து, அவற்றில் ஒன்றுகூட விகிதமுறு எண் இல்லையென்றால், அவற்றில் எதையும் மெய்யெண்களின் படிமூலங்களை மட்டும் கொண்டு எழுத முடியாது. எத்தனை அடுக்கு மூலக்குறி போட்டாலும் முடியாது. மிக இயல்பான நிலையில், மூலங்கள் மூன்றும் கண்ணெதிரே இருக்கும் நிலையில், படிமூலங்களில் எழுதும் வழக்கம் தோற்கிறது. தோற்றே ஆக வேண்டும் என்பது நிரூபணமான உண்மை. இதன் பிறகும் சூத்திரத்தை 'முழுமையான தீர்வு' என்று பாடம் நடத்துவது எனக்குச் சம்மதமில்லை.

இந்த நிலை ஏதோ மூலையில் கிடக்கும் விதிவிலக்கும் இல்லை. ஒரு பாலத்தின் உறுப்பில் ஒரு புள்ளியில் எந்தத் திசையில் எவ்வளவு தகைவு இருக்கிறது என்று பொறியாளர் கணக்கிடும்போது வருவது ஒரு முப்படி. அதன் மூலங்களே முதன்மைத் தகைவுகள். தகைவு அணி சமச்சீரானது என்பதால் அந்த முப்படியின் மூன்று மூலங்களும் எப்போதும் மெய்யெண்களே. எனவே சூத்திரம் கற்பனை எண்களுக்குள் ஓடும் நிலைதான் அவருக்கு அன்றாட நிலை.

அவருக்குக் கைகொடுப்பது ஃபிரான்ஸ்வா வியட் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட கோசைன் வழி. ஒரு கோணத்தின் கோசைனை இரட்டித்து ய என்று வைத்தால், அந்தக் கோணத்தின் மும்மடங்கின் கோசைனை இரட்டித்தது ய³ − 3ய ஆகிறது. ஆகவே ய³ − 3ய = −1 என்பதற்கு, மும்மடங்குக் கோணத்தின் கோசைன் −1/2 ஆக இருக்க வேண்டும். மும்மடங்கு 120°, 480°, 840°. மூன்றால் வகுத்தால் 40°, 160°, 280°. கோசைன்களை இரட்டித்தால் 1.532089, −1.879385, 0.347296. மூன்று மூலங்களும் ஒரே வீச்சில், கற்பனை எண்ணின் நிழல்கூடப் படாமல் கிடைத்துவிட்டன. மூன்று மெய் மூலங்கள் உள்ள எந்த முப்படியையும் அளவு மாற்றி இந்த வடிவத்துக்குக் கொண்டுவரலாம். எண் மதிப்பு வேண்டுமென்றால் கார்டானோவைவிட இதுவே மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆயினும் இதையும் கறாராகப் பார்க்க வேண்டும். 40 பாகையின் கோசைன் எங்கிருந்து வருகிறது? இன்று கணிப்பான் சொல்கிறது. அன்று அட்டவணை சொன்னது. அட்டவணையை யார் சொன்னது? சமர்கந்தில் 1429இல் காலமான அல்-காஷி, 1 பாகையின் சைன் மதிப்பைக் காண 3 பாகையின் சைனிலிருந்து ஒரு முப்படியை அமைத்து, அதைப் படிப்படியாக நெருங்கித் தீர்த்தார். அட்டவணைக்கு முப்படி, முப்படிக்கு அட்டவணை. கோசைன் வழி சிக்கலைக் கரைத்துவிடவில்லை. நன்றாகக் கணித்து வைக்கப்பட்ட ஒரு சார்பின் தலையில் ஏற்றிவைக்கிறது. அது குறையென்றால் கனமூலமும் அதே குறையுள்ளதுதான். 5இன் கனமூலம் என்பதும் ய³ = 5 என்ற முப்படியின் மூலத்துக்கு நாம் வைத்த பெயர்தானே; அதன் இலக்கங்களையும் யாரோ படிப்படியாகத்தான் கண்டார்கள். கனமூலக்குறி போட்டால் துல்லியம், கோசைன் போட்டால் தோராயம் என்று நினைப்பதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

படிப்படியாக நெருங்கும் முறைகளில் நியூட்டனுடையதே முதன்மையானது. 1669இல் எழுதிய கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட சமன்பாடும் ய³ − 2ய − 5 = 0 தான். அவர் எழுதிய வடிவம் வேறு. இன்றைய வடிவத்தில் சொல்கிறேன். 2இல் தொடங்கினால் கோவையின் மதிப்பு −1, வகைக்கெழு 10; ஆகவே அடுத்த மதிப்பு 2.1. அங்கே கோவை 0.061, வகைக்கெழு 11.23, அடுத்தது 2.094568. இன்னும் ஒரு படி ஏறினால் 2.0945515. சூத்திரத்தின் வர்க்கமூலமும் இரண்டு கனமூலங்களும் கேட்ட உழைப்பில் கால்பங்குகூட இல்லை. ஒவ்வொரு படியிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இரட்டிக்கின்றன. முன்படியில் சின்னப் பிழை செய்திருந்தாலும் பின்படி அதைத் திருத்திக்கொள்ளும். கார்டானோ வழியில் ஒரு பிழை கடைசிவரை கூடவே வரும்.

இதன் பலவீனம் தொடக்கப் புள்ளியில் இருக்கிறது. ய³ − 3ய + 1 = 0க்கு 1இல் தொடங்கினால் வகைக்கெழு பூச்சியம்; முறை அப்படியே நின்றுவிடும். 1.01இல் தொடங்கினால் அடுத்த படியிலேயே 17ஐத் தாண்டிப் பறந்து, பின்பு மெல்ல மெல்ல இறங்கி 1.532க்கு வரும். 0.99இல் தொடங்கினால் −15ஐத் தாண்டிப் போய் −1.879இல் சேரும். இடையில் உட்கார்ந்திருக்கும் 0.347ஐ இரண்டுமே கண்டுகொள்ளாது. இதைவிட ஆபத்தானது இன்னொன்று. ஒரு மூலம் கிடைத்ததும் மனம் திருப்தி அடைந்துவிடுகிறது. வான் டெர் வால்ஸ் 1873இல் தந்த வாயுச் சமன்பாடு கன அளவில் ஒரு முப்படி. மாறுநிலை வெப்பத்துக்குக் கீழே, ஆவியும் நீர்மமும் சேர்ந்து நிலைக்கும் அழுத்தத்தில் அதற்கு மூன்று மெய் மூலங்கள் உண்டு. பெரியது ஆவியின் கன அளவு, சிறியது நீர்மத்தின் கன அளவு, நடுவிலுள்ளது நிலைக்காத நிலை. கண்ணை மூடிக்கொண்டு நியூட்டன் முறையை ஓட்டுகிறவர் நடுவிலுள்ளதைப் பிடித்துக்கொண்டு அதை ஆவி என்று எழுதிவிட வாய்ப்பிருக்கிறது. கணினி எத்தனை இலக்கம் தந்தாலும் தவறான மூலம் தவறான மூலம்தான்.

சூத்திரத்தின் பின்னாலிருக்கும் கோட்பாட்டுக்கு உண்மையான வேலை இங்கேதான் வருகிறது. கார்டானோ வழியில் வர்க்கமூலத்துக்குள் உட்காரும் கோவையே, ஓர் எண் மடங்கும் குறி மாற்றமும் போக, தன்மைக்காட்டி. ய³ − 2ய − 5க்கு அது −643. எதிர்க்குறி என்பதால் ஒரே ஒரு மெய் மூலம். நியூட்டன் பிடித்ததற்கு மேல் தேட வேண்டியதில்லை. ய³ − 3ய + 1க்கு அது 81. நேர்க்குறி என்பதால் மூன்று மெய் மூலங்கள். மூன்றையும் தேடியாக வேண்டும். எதையும் தீர்க்காமலே, சில பெருக்கல்களிலும் ஒரு கழித்தலிலும் இதைச் சொல்லிவிடலாம். 1770–71இல் லக்ராஞ்ஜ் கேட்ட கேள்வியும் இந்தத் திசையில்தான் போனது. இந்த உத்தி ஏன் பலிக்கிறது? மூன்று மூலங்களை இடம் மாற்றி மாற்றி வைத்தால் ஆறு வரிசைகள் வரும். ஆனால் அவற்றைக் கொண்டு கட்டிய ஒரு குறிப்பிட்ட கோவையின் கனம் இரண்டே மதிப்புகள் எடுக்கிறது. அதனால்தான் முப்படி இருபடியாக இறங்குகிறது. ஐந்தாம் படிக்கு அப்படி இறங்க இடமில்லை என்பதை ஆபெலும், எப்போது இறங்கலாம் என்பதைக் கால்வாவும் இந்த வாசல் வழியாகப் போய்த்தான் கண்டார்கள். சூத்திரத்தைக் காப்பாற்ற வேண்டிய காரணம் இது. மாணவர் அதில் எண்களைப் போட்டு இலக்கம் கறக்கத் தேவையில்லை. அது எப்படி இயங்குகிறது என்று ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.

இவை எதிலும் சேராத நான்காவது பழக்கம் ஒன்று உண்டு. பாடத்தில் அதற்கு இடமே இல்லாதது எனக்கு வருத்தம். மூலத்தை எதாலும் எழுதாமல், சமன்பாட்டையே அதன் பெயராக ஏற்றுக்கொள்வது. ய³ − 3ய + 1 = 0 என்பதன், 1க்கும் 2க்கும் இடையிலுள்ள மூலம் ர என்போம். இதற்குமேல் ஒரு குறியும் தேவையில்லை. ரவின் தலைகீழி என்ன? ர³ − 3ர + 1 = 0 என்பதை ர(3 − ர²) = 1 என்று மாற்றினால், தலைகீழி 3 − ர². வகுத்தல் வெறும் பெருக்கலாகிவிட்டது. மற்ற மூலங்கள் எங்கே? ர² − 2 என்பது இரண்டாவது மூலம். அதை மறுபடி வர்க்கித்து 2ஐக் கழித்தால் மூன்றாவது. இன்னொருமுறை செய்தால் முதல் மூலத்துக்கே வந்துவிடும். 1.532, 0.347, −1.879 என்று சுற்றிவருவதைக் கையாலேயே சரிபார்க்கலாம். தன்மைக்காட்டி 81 ஒரு முழு வர்க்கமாக இருப்பதே இப்படி ஒரு மூலத்திலிருந்து மற்றவற்றை வர்க்கமூலமின்றிப் பெற முடிவதன் காரணம். இந்த உறவு கனமூலச் சூத்திரத்தில் கண்ணுக்கே தெரியாது. தசம மதிப்புகளிலும் தெரியாது. கணினி இயற்கணித மென்பொருள்களும் பல இடங்களில் இப்படித்தான் மூலத்தை வைத்துக்கொள்கின்றன: ஒரு பல்லுறுப்புக்கோவை, ஓர் இடைவெளி. ஃபிபோனாச்சிக்கு இந்தக் குறியீடு இல்லை, ஆனால் மனப்போக்கு இதுதான். குறை என்று சொன்னால், இரண்டு வெவ்வேறு முப்படிகளின் மூலங்களைக் கூட்டினால் ஒன்பதாம் படிவரை ஏறிவிடும். கைக்கணக்குக்கு அது தாங்காது.

கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த இராமானுஜன் 1902இல் முப்படியைத் தீர்க்கும் வழியை அறிந்துகொண்டார். நாற்படிக்குத் தாமே வழி கண்டார். ஐந்தாம் படிக்கு அப்படி வழி இல்லை என்று தெரியாமல் அதையும் முயன்றார். பிற்காலத்தில் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் வாசகர்களுக்கு வைத்த 524ஆவது கேள்வியில், நாம் இதுவரை பார்த்த அதே மூன்று எண்கள் வருகின்றன. 40°, 80°, 160° ஆகியவற்றின் கோசைன்கள்; ஒவ்வொன்றையும் இரட்டித்தால் ய³ − 3ய + 1 = 0 என்பதன் மூலங்கள். தனித்தனியே இவற்றில் எதையும் மெய்யெண் படிமூலங்களில் எழுத முடியாது என்று வான்ட்ஸெல் நிரூபித்திருக்கிறார். இராமானுஜன் மூன்றின் கனமூலங்களையும் எடுத்துக் கூட்டச் சொன்னார். 9இன் கனமூலத்தை மும்மடங்காக்கி, 6ஐக் கழித்து, பாதியாக்கி, அதன் கனமூலத்தை எடுத்தால் அந்தக் கூட்டுத்தொகை வந்துவிடும்; இதை நிரூபியுங்கள் என்றார். எண்களை வைத்துப் பார்த்தால் 0.9150 + 0.5579 − 0.9795 = 0.4934, மறுபக்கமும் 0.4934. தனியாகப் பிடிபடாதவை மூன்றும் சேர்ந்து நிற்கும்போது மெய்யெண் படிமூலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இதை நிரூபிக்க மூலங்களின் கூட்டுத்தொகை, இரண்டிரண்டாகப் பெருக்கிய கூட்டுத்தொகை, மூன்றின் பெருக்குத்தொகை ஆகியவற்றுக்கும் கெழுக்களுக்கும் உள்ள தொடர்பு போதும். அது நம் மேல்நிலைப் பாடத்திலேயே இருக்கிறது. கனமூலங்கள் மூன்றையும் மூலங்களாகக் கொண்ட இன்னொரு முப்படியை அமைத்து, இரண்டின் கெழுக்களையும் ஒப்பிட்டுக்கொண்டு போனால் விடை வந்துவிடும். சமன்பாட்டியல் அத்தியாயத்தின் பயிற்சியில், கூட்டுத் தொடர் மூலங்களுக்குப் பக்கத்தில், இந்தக் கணக்கையும் சேர்க்கலாம்.